ஆரியங்காவும் பாலருவியும்: அம்மாவின் தோளோடு ஒரு நாள்

செங்கோட்டையிலிருந்து மலையேறி வருபவர்களுக்குக் கேரளத்தின் முதல் பெரிய ஊராக எதிர்ப்படுகிற ஆரியங்காவுக்கும், அதையொட்டிய காட்டுக்குள் சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் பாலருவிக்கும் கடந்த ஆவணி மாதத்தில் என் அம்மாவை அழைத்துச் சென்று வந்தேன். குற்றாலத்துக்கு வருகிறவர்களில் பலர், அங்கே கூட்டம் நெரியும்போது, பக்கத்தில் கூட்டமில்லாத இன்னொரு குற்றாலம் இருக்கிறது என்ற நினைப்போடு எல்லையைக் கடந்து இங்கே வருகிறார்கள். அந்த நினைப்போடு வருகிறவர்களுக்கு இந்த இடம் பாதிதான் கிடைக்கும் என்பது என் கருத்து. அருவியை மட்டும் பார்க்காமல், காவு எனப்படும் தெய்வச் சோலையையும் காட்டையும் தண்ணீரையும் ஒன்றாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

எங்கள் குடும்பம் குளத்துப்புழையில் இருக்கிறது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களுக்காக, 1970களில் இந்தப் பகுதியில் ரப்பர்த் தோட்டங்கள் போடப்பட்டன. அங்கே தேயிலை பறித்த கைகள் இங்கே வந்து ரப்பர் பால் வெட்டப் பழகின. அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு நாளைக்கு 300 மரங்களுக்குக் குறையாமல் பட்டையைச் சீவி, சிரட்டையைத் திருத்தி வைத்து, பிறகு அத்தனை மரங்களையும் மறுபடி சுற்றிப் பாலை வாளியில் சேர்த்துச் சுமந்த வலது தோள், ஓய்வு பெற்ற பிறகு உயர மறுத்துவிட்டது. தலை சீவிக் கொண்டை போடக்கூட என் உதவி வேண்டியிருக்கிறது. "பாலருவியில ஒருவாட்டி நின்னுட்டு வந்தா தேவலாம்" என்று அவர் ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எங்கள் பக்கத்து வீடுகளில் இருக்கும் முதியவர்கள் எல்லோருக்கும் அந்தத் தண்ணீர் மூலிகைத் தண்ணீர் என்பதில் ஐயமே கிடையாது.

முதல் முறை ஆடியில் சென்றோம். மேற்கே இரண்டு நாள்களாக விடாமல் மழை பெய்திருந்ததால் அருவியில் நீர்வரத்து கூடி, அன்று யாரையும் உள்ளே விடவில்லை. திரும்பி வந்த பேருந்தில் அம்மா வாடிப்போய் உட்கார்ந்திருந்தாலும், அந்த முடிவு சரியானது என்றே இன்றும் எண்ணுகிறேன். மலையருவிகளில் உச்சியில் பெய்கிற மழை, கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். நிற்கிற இடத்தில் வானம் தெளிவாக இருக்கிறது என்பதை வைத்து யாரும் கணக்குப் போடக் கூடாது. ஆகவே புறப்படுவதற்கு முன் அருவி திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது அவசியம். கோடையில் நீர் வற்றும் மாதங்களிலும் அருவி மூடப்படுவது வழக்கம்.

இரண்டாவது முறை ஆவணியில், ஒரு வார நாள் காலையில் போனோம். குளத்துப்புழையிலிருந்து தென்மலைக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து ஆரியங்காவு வழியாகச் செல்லும் கேரள அரசுப் பேருந்து என்று மாறி ஏறி, கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் அருவி நுழைவாயிலில் இறங்கினோம். சொந்த வாகனங்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து சுமார் 4 கி.மீ. தொலைவுக்கு வனத்துறையின் ஏற்பாட்டிலுள்ள வண்டியில்தான் செல்ல வேண்டும். கார் வைத்திருப்பவர்கள் சிலர் இதைத் தொந்தரவாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு இந்த ஏற்பாடுதான் இந்த இடத்தின் முதல் சிறப்பாகத் தெரிகிறது. ஒலிப்பானும் பாட்டுச் சத்தமும் சாலையோடு நின்றுவிடுவதால், முதல் வளைவைக் கடந்ததுமே காட்டின் ஒலி காதுக்கு வந்துவிடுகிறது. வண்டிக்குக் காத்திருக்கும் கால் மணி நேரத்தைப் பெரிய இழப்பாகக் கருத வேண்டியதில்லை.

இந்தக் காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2016இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் இடம்பெற்ற அகத்தியமலைப் பகுதியின் வடக்குச் சிறகு இது. அருகிலுள்ள செந்துருணி வனவிலங்கு சரணாலயத்துக்கு, 1984இல் அது அமைந்தபோது, இந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செங்குறிஞ்சி மரத்தின் பெயரே சூட்டப்பட்டது. எங்கள் குளத்துப்புழைப் பக்கத்தில் காட்டு ஜாதிக்காய் மரங்கள் நிற்கும் சதுப்புகள் உண்டு. ஆண்டு முழுவதும் ஈரம் வற்றாத அந்தப் பள்ளங்களில், மரத்தின் வேர்கள் சேற்றுக்கு மேலே முழங்காலை மடித்து வைத்ததுபோல் எழும்பி நின்று மூச்சு வாங்கும். பால் வெட்டப் போகும் வழியில் அவற்றைக் கண்ட அம்மா, "மரம் முட்டி போட்டிருக்கு" என்று சின்ன வயதில் எனக்குக் காட்டியிருக்கிறார்.

வண்டி நிற்கும் இடத்திலிருந்து அருவிக்குச் சற்றுத் தூரம் நடக்க வேண்டும். திருவிதாங்கூர் அரசர்கள் இங்கே வந்து தங்கிய காலத்தைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் கல்மண்டபமும் குதிரை லாயமும் பாசியேறிச் சிதைந்த நிலையில் இருக்கின்றன. பெரும்பாலோர் அவற்றைத் திரும்பிப் பார்க்காமல் தண்ணீரின் சத்தத்தை நோக்கி விரைகிறார்கள். அம்மாவால் விரைய முடியாததால் நாங்கள் அந்த மண்டபத்தின் அருகே சிறிது நேரம் உட்கார்ந்தோம். மழை நின்று இரண்டு நாள்கள் ஆகியிருந்தன. ஆனாலும் பாதையோரத்து மண்சரிவில், வெட்டுப்பட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வேர்களின் நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு வேரின் நுனியில் துளி திரண்டு, கனத்து, அறுந்து விழ நான் எட்டு எண்ணினேன். அடுத்த துளிக்கும் எட்டு எண்ணினேன். அந்தச் சரிவில் அப்படி எத்தனை நூறு நுனிகள் இருந்தன என்று தெரியாது. பெருமழையைக் குடித்து வைத்துக்கொண்டு எட்டு எண்ணும் நேரத்துக்கு ஒரு துளியாகத் திருப்பித் தருகிற இந்த மண்தான், மழையில்லாத நாளிலும் அருவியை விழ வைக்கிறது என்பது அங்கே உட்கார்ந்தபோது எனக்குக் கண்ணெதிரே விளங்கியது.

பாலருவி பெயருக்கேற்றபடிதான் விழுகிறது. உச்சியிலிருந்து ஒரே தாரையாக இறங்காமல், பாறை முகத்தில் பட்டுப் பட்டு நுரைத்து, கீழே வரும்போது கறந்த பாலின் நிறத்தை அடைந்துவிடுகிறது. ஓரமாக வேகம் குறைந்த இடத்தில் அம்மாவை நிறுத்த எண்ணினோம். பாறையில் கால் வைத்ததுமே, அங்கே பணியில் இருந்த பெண் ஒருவர் எங்களிடம் வந்து, "அம்மே, பதுக்கெ" (அம்மா, மெதுவாக) என்று மலையாளத்தில் சொல்லி அம்மாவின் இடது கையைத் தாமே பிடித்துக்கொண்டார். வழுக்காத இடம் எது, நீர் ஓங்கி அடிக்கும் இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தலையில் நேராக நீர் விழாமல், தோளில் விழும்படி அம்மாவைத் திருப்பி நிறுத்தியவரும் அவரே. முதல் அடியில் அம்மா மூச்சை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். குளிர் அப்படி. ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்கும்போது, கத்தி பிடித்துக் காய்ப்பேறிய அந்த வலது கையைக் காது வரைக்கும் தூக்கி வைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து தலையைத் துவட்டும்போது, "இந்தத் தண்ணி மாதிரி எந்த வைத்தியரும் அமுக்கிவிட்டதில்லம்மா" என்றார். அன்று மாலை அவரே கொண்டை போட்டுக்கொண்டார்.

அருவி நோய் தீர்க்குமா என்று கேட்பவர்களுக்கு நான் கண்டதைக் கண்டபடியே சொல்கிறேன். அம்மாவின் தோள் நான்கு நாள்கள் இலேசாக இருந்தது. பிறகு வலி மெல்லத் திரும்பியது. எனவே மருத்துவர் கொடுத்த மாத்திரையையும் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளையும் நாங்கள் நிறுத்தவில்லை, அருவிக்குப் போகிற யாரும் நிறுத்தக் கூடாது. மூலிகை வேர்களைத் தொட்டு வருவதால் தண்ணீரில் மருந்து இறங்கியிருக்கிறது என்ற நம்பிக்கையைவிட, உயரத்திலிருந்து விழும் நீர் தசையைத் தட்டித் தளர்த்துவதும், குளிர் வலியை மரக்கச் செய்வதும், காட்டு நடையும் ஒரு நாள் ஓய்வும் உடம்பைத் தேற்றுவதும் எனக்கு நெருக்கமான காரணங்களாகப் படுகின்றன. மூலிகை இந்த மலையில் இல்லை என்று சொல்லவில்லை. அகத்தியமலைக் காணிப் பழங்குடியினர், நெடுநடையில் களைப்புத் தெரியாமல் இருக்க ஒரு செடியின் காயை மென்று வந்ததை 1987இல் உடன் சென்ற ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து, பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. அதன் உரிமத்தால் கிடைத்த வருவாயில் காணி மக்களுக்கும் பங்கு அளிக்கப்பட்டது. அந்த மருந்து பிறந்தது, எந்தச் செடியின் எந்த உறுப்பை எப்போது மெல்ல வேண்டும் என்று அறிந்திருந்த மக்களின் அறிவிலிருந்து. அந்த அறிவுக்கு உரிய மதிப்பை, வேரைத் தொட்டு ஓடிவந்த தண்ணீருக்கு மாற்றிக் கொடுத்துவிடுவது சரியாகாது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வருகிற வழியில், நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில், "அருவி மூலிகை எண்ணெய்" என்று சொல்லி ஒரு குப்பியை அம்மாவிடம் விற்றுவிட்டார்கள். நீராடி வந்ததும் தோளில் தேய்க்க வேண்டும் என்றும், மூட்டுவலி வேரோடு போய்விடும் என்றும் உறுதி கூறினார்கள். தேய்த்த அரை மணி நேரத்தில் தோல் சிவந்து தடித்து, இரவெல்லாம் எரிந்தது. மறுநாள் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சேர்மானங்களின் பெயரோ, உரிம எண்ணோ, தயாரிப்புத் தொகுதி எண்ணோ, எதுவரை பயன்படுத்தலாம் என்ற நாளோ எதுவும் அதில் இல்லை. இலைப் படமும் அருவிப் படமும் மட்டும் இருந்தன. வலியோடு வருகிறவர்கள் எதையும் நம்பத் தயாராக வருகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யும் வணிகம் இது. ஆடி மாதத்தில் கேரளத்தார் குடிக்கும் கர்க்கடக மூலிகைக் கஞ்சிப் பொட்டலமாக இருந்தாலும், தைலமாக இருந்தாலும், உரிம எண்ணும் சேர்மானமும் அச்சிடாத எதையும் இந்தச் சாலையில் வாங்காதீர்கள்.

எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது இன்னொன்று. நாங்கள் கிளம்பும் நேரத்தில் வந்த ஒரு குழு, பையிலிருந்து சீயக்காய்ப் பொட்டலங்களையும் சோப்புகளையும் எடுத்துக்கொண்டு பாறையில் ஏறியது. ஊழியர்கள் தடுத்துத் திருப்பி அனுப்பினாலும், ஓரிருவர் அதற்குள் நுரையைத் தண்ணீரில் கலந்துவிட்டார்கள். பாலருவித் தண்ணீர் கழுதுருட்டி ஆற்றோடு போகிறது. கழுதுருட்டி, செந்துருணி, குளத்துப்புழை என்ற மூன்று ஆறுகள் கூடித்தான் கல்லடையாறு ஆகிறது. தென்மலையையும் புனலூரையும் தாண்டி, அஷ்டமுடிக் காயலில் சேரும் வரை அதை நம்பியே ஊர்கள் இருக்கின்றன. உச்சியில் நின்று ஒருவர் கழுவிவிடுகிற அழுக்கு எங்கே போய்ச் சேரும் என்று நினைத்துப் பார்த்தால் யாருக்கும் கை வராது. குளிக்கிறவர்களுக்குத் தேவை நனைந்தால் கனக்காத ஒரு பருத்தி உடையும் ஒரு துண்டும் மட்டுமே. மழைக்காலத்தில் அட்டை ஏறும் என்பதால் ஒரு பிடி உப்பும் கொண்டு போகலாம்.

அருவியிலிருந்து திரும்பி வந்த பிறகு ஆரியங்காவு சாஸ்தா கோயிலுக்குச் சென்றோம். சாலை மட்டத்திலிருந்து படிகளில் கீழிறங்கித்தான் கோயிலை அடைய வேண்டும். லாரிகளும் பேருந்துகளும் ஓடுகிற நெடுஞ்சாலையின் காலடியில் இப்படி ஓர் அமைதி இருப்பதை மேலிருந்து ஊகிக்கவே முடியாது. 'கா' என்றால் சோலை என்பது தமிழின் பழைய சொல். திருவானைக்கா, திருக்கோலக்கா, திருநெல்லிக்கா என்று சோழநாட்டுத் தலங்களின் பெயரில் அது இன்னும் வாழ்கிறது. மலையாளத்தில் அதுவே காவு. அங்கே இன்றும் அது பெயரோடு நிற்காமல், வெட்டக் கூடாத மரங்கள் கொண்ட, தெய்வத்துக்கு விட்டுவிடப்பட்ட நிலத்தைக் குறிக்கிறது. ஆரியங்காவு என்பது சாஸ்தாவின் சோலை. இரயிலும் சாலையும் கடைகளும் வந்து அந்தச் சோலையைக் குறுக்கிவிட்டன என்பது பார்த்தாலே தெரிகிறது. ஆனாலும் மீதமிருக்கும் பெருமரங்களின் நிழலில் நின்றபோது, கழுத்தின் பின்னால் இன்னும் காயாமலிருந்த அருவி நீரின் குளிரும் அந்த நிழலின் குளிரும் ஒன்றாகவே எனக்குத் தெரிந்தன.

கேரளத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொலவடை உண்டு: "காவு தீண்டல்லே, குளம் வற்றும்." காவைத் தீண்டாதே, குளம் வற்றிப்போகும் என்பது பொருள். தெய்வக் குற்றம் வரும் என்று பயமுறுத்துவதாகச் சிறுவயதில் அதைப் புரிந்துகொண்டிருந்தேன். காலையில் வேர் நுனியில் துளிகளை எண்ணிய பிறகு, அது தண்ணீரைப் பற்றிய நேரான கணக்கு என்று புரிந்தது. மரம் போனால் மண் போகும், மண் போனால் நீரைப் பிடித்து வைக்க எதுவும் இருக்காது, பிறகு மழை நின்ற மறுநாளே அருவியும் நின்றுவிடும். இவ்வளவையும் நான்கு சொல்லில் அடக்கி, குழந்தைக்கும் மறக்காதபடி சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கோயிலில் தமிழர்களுக்குத் தனி உரிமை ஒன்று இருக்கிறது. திருவிதாங்கூர் அரசருக்குப் பட்டு கொண்டுசென்ற மதுரைச் சௌராஷ்டிர நெசவாளர் ஒருவர், காட்டு வழிக்கு அஞ்சித் தம் மகள் புஷ்கலையை இங்கே விட்டுச் சென்றார் என்றும், யானையிடமிருந்து அவரைக் காப்பாற்றிய வேடன் அவருடைய மகளைக் கேட்டான் என்றும், திரும்பி வந்தபோது தாம் வேடனுக்குக் கொடுத்த பட்டு சாஸ்தாவின் மேனியில் இருக்கக் கண்டார் என்றும் தலபுராணம் சொல்கிறது. அந்த உறவை இன்றும் விட்டுவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மார்கழியில், மண்டல பூஜையை ஒட்டி நடக்கும் திருக்கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து சௌராஷ்டிர சமூகத்தினர் பெண் வீட்டாராகச் சீரோடு வருகிறார்கள், கோயில் தரப்பினர் மாப்பிள்ளை வீட்டாராக நின்று அவர்களை வரவேற்கிறார்கள். 1956இல் மாநில எல்லைகள் பிரிந்து, அதுவரை திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டை தமிழ்நாட்டுக்குப் போனது. சம்பந்திகளுக்கு நடுவே ஒரு சோதனைச் சாவடி வந்ததே தவிர, சம்பந்தம் மாறவில்லை. கடல் கடந்து வந்து, எந்த ஊர் எங்கள் ஊர் என்று நெடுங்காலம் தடுமாறிய எங்களைப் போன்றவர்களுக்கு, எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணை இந்தப் பக்கத்துத் தெய்வம் மணந்து வைத்திருக்கும் இந்தக் கோயில் மிகவும் நெருக்கமானது.

இரயிலில் வர விரும்புகிறவர்களுக்கு: 1904இல் திறக்கப்பட்ட கொல்லம்–செங்கோட்டை மலைப்பாதை, அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018இல் முழுவதுமாக மறுபடி இயங்கத் தொடங்கியது. கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் பாலமும், மலையைக் குடைந்த சுரங்கங்களும் இந்த வழியில்தான் இருக்கின்றன. அருவியின் பெயரைத் தாங்கிய பாலருவி விரைவு வண்டி தூத்துக்குடிக்கும் பாலக்காட்டுக்கும் இடையே ஓடினாலும், மலைப்பகுதியை இரவில் கடப்பதால் அதில் வருபவர்களுக்கு வெளியே இருட்டுதான் தெரியும். பகலில் கடக்கும் வண்டியைப் பார்த்து ஏறுவது நல்லது. சாப்பாட்டுக்குச் சாலையோரக் கடைகளில் புட்டும் கடலையும், கப்பை எனப்படும் மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் கிடைக்கும்.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை செல்லும் வண்டிகள் இந்தச் சாலையை நிறைத்துவிடும் என்பதால், அருவிக்காக மட்டும் வருகிறவர்கள் ஆவணி, புரட்டாசி மாதங்களில் ஒரு வார நாளைத் தேர்ந்துகொள்ளலாம். முழங்கால் மிகவும் தளர்ந்தவர்களை ஈரப்பாறையில் ஏற்ற வேண்டாம். அவர்கள் மண்டபத்தருகே உட்கார்ந்து சாரலை வாங்கிக்கொண்டாலே போதும். கோயில் உச்சிப்பொழுதில் நடை சாத்திவிடும் என்பதால், முதலில் காவில் தொழுதுவிட்டுப் பிறகு அருவிக்குப் போவதே சரியான வரிசை. நாங்கள் அதை மாற்றிச் செய்ததால், நடை திறக்கும் வரை படிக்கட்டில் காத்திருக்க நேர்ந்தது. அந்த நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதுரைக்காரப் பெண்மணி ஒருவரிடம் திருக்கல்யாணம் எந்த நாளில் வரும், வெளியாள்கள் பந்தியில் உட்காரலாமா என்றெல்லாம் அம்மா விசாரித்துவிட்டார். "நீங்களும் எங்க வீட்டு ஆளாத்தான் வாங்களேன், அக்கா" என்று அவர் சொன்னதிலிருந்து, மார்கழிக்கு உடுத்த வேண்டிய சேலையை அம்மா தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.